ஈய சீல் வைத்த என்ஜின்

விடிந்தும் விடியாத நேரம். நெல்லித்தோப்பில் ஒரு லாரி ஷெட். மூக்கு நீண்ட பழைய லாரியின் பானெட் திறந்து கிடக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்கிறோம். ஒருவர் கையில் குறடு இருக்கிறது, அவர் லாரியின் சொந்தக்காரர். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் நான், டிரைவர் ஏழுமலை.

என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடி இருக்கிறதே, அதன் காதில் ஒரு மெல்லிய கம்பியைக் கோத்தார். கம்பியின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஈயக் குண்டுக்குள் நுழைத்தார். குறடால் ஒரு அழுத்து. ஈயம் நசுங்கி, அதன் முகத்தில் நங்கூரம் ஒன்று பதிந்தது. கூட்ஸ் ரயில் கதவுக்கு வைப்பார்களே, அதே சீல்தான்.

“தொட்டுப் பாரு.”

“பாத்துட்டேங்க.”

“கண்ணால பாத்தா போதாது. கையால தொட்டுப் பாரு. சாயங்காலம் வந்து லூசா இருந்திச்சின்னு கதை சொல்லக் கூடாது.”

தொட்டேன். அடுத்தது ஆயில் அளவு பார்க்கும் கம்பிக்கு ஒரு சீல். அப்புறம் லாரிக்கு அடியில் சாக்கு விரித்து, அந்த வயதில் மல்லாந்து படுத்து, ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்கு ஒரு சீல். மூன்றையும் வைத்து முடித்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து என்னைப் பார்த்தார்.

“இப்ப திருடு, பாக்கலாம்.”

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் குறடைப் பிடுங்கிக் கால்வாயில் எறியாமல் எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

முசே வீட்டு லாரி

மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்ததையும், மில் படுத்ததும் வெளியே வந்ததையும் போன வாரம் சொல்லியிருந்தேன். ‘அப்புறம் எங்கேதான் போனீர்?’ என்று கேட்ட வாசகருக்காக இந்த வாரம். போன இடம் இதுதான்.

அவர் பெயர் லூர்துசாமி. ஆனால் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களைச் சொல்தா என்போம். மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் முசே. தெருவுக்கே அவர் முசேதான்.

சைகோன் பக்கம் வெகுகாலம் இருந்தவர். அவர் அங்கே சம்பாதித்து அனுப்பியதை இங்கே பங்காளிகள் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வீடு மட்டும்தான் மிச்சம். அன்றிலிருந்து உலகத்தில் யாரையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். பால்காரன் பாலை அளந்து ஊற்றிய பிறகு தன் படியில் ஒரு தடவை ஊற்றிப் பார்ப்பார்.

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பிரான்சில். இவரும் ஒரு வருஷம் போய் இருந்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்துவிட்டார். குளிர் மட்டும்தான் காரணமா என்று நான் கேட்டதில்லை.

லாரி அமெரிக்காவில் செய்தது. பெட்ரோல் வண்டி. எழுபதுகளின் பிற்பாதியில் பெட்ரோல் விற்ற விலைக்கு அதை வைத்திருக்க ஒரு பைத்தியக்காரன்தான் வேண்டும். எல்லாரும் பழைய என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் என்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். முசே மாற்றவில்லை. “நல்ல என்ஜினுக்கு என்ன குறை?” என்பார். காலி பாட்டில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போய் இறக்கிவிட்டு வர வேண்டும். அதுதான் என் வேலை.

நான் அப்போது முதலியார்பேட்டையில் ஒற்றை அறையில் இருந்தேன். மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. சோறு பொங்கத் தெரியும், குழம்பு வைக்கத் தெரியாது. ராத்திரி கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரைக்கும் என் குரலை நானே கேட்க மாட்டேன். தனியாக இருந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

லாரியில் துணைக்கு ஒரு ஆள் உண்டு. கிளீனர் கோவிந்தன். கிளீனர் என்றதும் சின்னப் பையன் என்று நினைக்காதீர்கள், என்னைவிட மூத்தவர். வழியெல்லாம் வாய் ஓயாது. அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் ஊர்ச் சங்கதி மொத்தமும் சொல்லி முடித்துவிடுவார்.

ஆயில் எங்கே போகிறது?

வெயில் காலத்தில்தான் ஆரம்பித்தது. காலையில் மேல்கோட்டுக்கு இருந்த ஆயில் சாயங்காலம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். ஆனால் நாளுக்கு நாள் அதிகமாகக் குடித்தது.

ஒழுக்கு இருக்கும் என்று முசே நினைத்தார். கடற்கரையிலிருந்து வெள்ளை மணலைச் சாக்கில் கொண்டுவந்து ஷெட்டில் பரப்பி, அதன்மேல் லாரியை நிறுத்தச் சொன்னார். விடிந்ததும் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. வெள்ளை மணல் வெள்ளையாகவே இருந்தது.

நிமிர்ந்தவர் முதலில் கோவிந்தனைப் பார்த்தார். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

“நான் போறேன் ஏழுமலை. நீ சாக்கிரதையா இருந்துக்கோ. அடுத்தது நீதான்,” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார் கோவிந்தன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருக்காக நான் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டது. முசே அசையவில்லை.

அவர் போனபின்னும் ஆயில் குறைந்தது. அடுத்தது நான்தான்.

“வொலேர்,” என்றார் முசே. அவர் பாஷையில் திருடன். தமிழில் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை நான் சொல்லியிருப்பேன்.

முதலில் அரக்கு சீல்தான் வைத்தார். மெழுகுவத்தி கொளுத்தி, அரக்கை உருக்கி, மூடியைச் சுற்றி ஊற்றி, முத்திரை குத்தி அனுப்பினார். என்ஜின் சூட்டுக்கு அரக்கு நிற்குமா? கடலூர் போவதற்குள் உருகி என்ஜின் மேலெல்லாம் குங்குமக் கரைசல் மாதிரி வழிந்துவிட்டது. சாயங்காலம் பானெட்டைத் திறந்தவர் குதித்தார்.

“உருக்கி எடுத்திருக்கே!”

“நான் உருக்கல முசே. உங்க என்ஜின் உருக்கிச்சு.”

“எதிர்த்து வேற பேசுறியா?”

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஈயமும் குறடும் வந்தன. ஈயம் உருகவில்லை. சாயங்காலம் மூன்று சீலும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆயில் மட்டும் குறைந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில், ஆயில் என்ஜினுக்குள்தான் எங்கேயோ போகிறது என்று யோசித்திருப்பார்கள். முசே யோசித்தது வேறு. கடலூரில் எவனையோ பிடித்து நான் இதே மாதிரி நங்கூரக் குறடு ஒன்று செய்து வைத்திருக்கிறேனாம். சீலை உடைத்து, ஆயிலை விற்று, புது சீல் வைத்துக் கொண்டுவருகிறேனாம். எனக்கு இவ்வளவு மூளை இருந்திருந்தால் நான் ஏன் காலி பாட்டில் ஏற்றுகிறேன்?

“இந்த மாசக் கடைசிக்குள்ள உன்னைக் கையும் களவுமா பிடிச்சு போலீசுல குடுக்கிறேன். லாரி வச்சிருக்கிற ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயி சொல்லுவேன்.”

சொன்னால் செய்கிற ஆள். எங்கள் ஊரோ சின்ன ஊர். இந்தத் தெருவில் தும்மினால் அந்தத் தெருவில் ஆயுசு நூறு என்பார்கள். திருட்டுப் பட்டம் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் தொட எவனும் விடமாட்டான். எனக்கு வேறு தொழில் தெரியாது. விட்டுவிட்டு ஓடலாம் என்றால், ஓடிய மறுநாளே ‘பாத்தீங்களா, அவன்தான்’ என்று ஆகிவிடும். அதனால் போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் நின்றேன்.

கல்லு மாதிரி என்ஜின்

நானேதான் முசேயைக் கேட்டுக்கொண்டு, வண்டியைத் தட்டாஞ்சாவடிக்குக் கொண்டுபோனேன். அங்கே பட்டறை வைத்திருந்தவர் மெக்கானிக் பாவாடை. கெட்டிக்காரர். ஆனால் அந்தச் சமயத்தில் அவர் கைக்கு வருவதெல்லாம் டீசல் வண்டிகள்தான். பெட்ரோல் லாரியைத் தொட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

ஆயில் குடிக்கிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வேண்டும். அதுதான் எல்லாரும் முதலில் நினைப்பது. பாவாடையும் அதையே நினைத்தார். பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் அழுத்தம் பார்க்கும் மீட்டர் வைத்து என்ஜினைச் சுற்றவிட்டுப் பார்த்தார். முசே பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கேயும் நானும் மெக்கானிக்கும் கண்ணடித்துக்கொள்கிறோமா என்று பார்க்கத்தான்.

“முசே, இன்ஜினு கல்லு மாதிரி கீது. ரிங்கெல்லாம் அம்சமா கீது. இதுக்கு ஒண்ணுமில்ல,” என்றார் பாவாடை.

நல்ல சேதிதான். எனக்குத்தான் கெட்ட சேதி. என்ஜினில் ஒன்றுமில்லை என்றால் குற்றம் யார்மேல்?

ஒரு பிளக் மட்டும் கரியும் எண்ணெயுமாக இருந்தது. அதைத் துடைத்துப் போட்டார். வண்டி நின்றபடி ஓடும்போது ஒரு ஆட்டம் ஆடியது, எங்கேயோ உஸ்ஸென்று மெலிதாக ஒரு சத்தமும் இருந்தது. கார்புரேட்டர் திருகை இப்படியும் அப்படியும் திருகி ஆட்டத்தைச் சரிக்கட்டினார். உஸ்ஸென்ற சத்தத்தைப் பழைய வண்டி மூச்சு விடுகிறது என்று விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். லோடு ஏற்றிவிட்டால் அத்தனை பாட்டிலும் போடுகிற கிலுகிலுப்பில் பக்கத்தில் இருப்பவன் பேச்சே கேட்காது, உஸ் எங்கே கேட்கும்?

திரும்பி வரும்போது முசே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.  நெல்லித்தோப்பில் இறங்கும்போது சொன்னார்: “மெக்கானிக்கே சொல்லிட்டான்.”

அதற்குப் பிறகு காலை மாலை இரண்டு வேளையும் அந்தச் சீல் சடங்கு நடந்தது. அரை மணி நேரம் ஆகும். அவருக்கு விரல் நடுங்கும், கம்பி ஓட்டைக்குள் போகாது. நான் விளக்கைப் பிடிக்க வேண்டும். சந்தேகப்படுகிறவருக்கு, சந்தேகத்துக்கு ஆளானவனே விளக்குப் பிடிக்கும் கொடுமையை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

பிடித்தேன். குறடு வேலை நடக்கும்போதே அவர் பேசிக்கொண்டிருப்பார். சைகோனில் மழை எப்படிக் கொட்டும், அங்கே நெல்லு எப்படி நடுவார்கள், பெரியவன் பிரான்சில் ரயிலடியில் என்ன வேலை பார்க்கிறான், பனியில் எப்படிச் சறுக்கி விழுந்தான். நடுவில் திடீரென்று நிமிர்ந்து, “எந்தக் கடைக்குக் குடுக்கிறே? சொல்லிடு,” என்பார். “குடுக்கலீங்க.” “சரி, விளக்க இப்படிக் காட்டு.” மறுபடியும் சைகோன்.

கோவிந்தன் இல்லாத லாரியில் நாள் முழுக்க ஒற்றையாக ஓட்டினேன். லோடு உயரம், பக்கவாட்டுக் கண்ணாடியோ விரிசல். எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. சில நாள் பின்னால் வரும் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடிப்பான். வழி கேட்கிறான் என்று ஒதுங்குவேன். தாண்டிப் போகும்போது டிரைவர் என்னைப் பார்த்துக் கையால் மூக்கைப் பொத்திக்காட்டுவான். பாட்டில் நாற்றத்தைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். யாரும் நிறுத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தவளக்குப்பத்து மழை

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு லோடோடு அரியாங்குப்பம் தாண்டும்போதே தூறல், தவளக்குப்பம் நெருங்கும்போது ஊற்றியது. வைப்பரைப் போட்டேன். வெயில் காலம் முழுக்கத் தொடாத வைப்பர். பாதிக் கண்ணாடிக்கு ஏறியது, முனகியது, அப்படியே நின்றுவிட்டது.

அதே நேரம் ஆயில் மீட்டரின் முள் கீழே சாய்ந்தது. கொஞ்சம் ஏறியது, மறுபடி சாய்ந்தது. உள்ளே ஆயில் அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டினால் என்ஜின் இறுகிப்போகும். கல்லு மாதிரி என்ஜின் நிஜமாகவே கல்லாகிவிடும்.

சந்திப்புக்கு முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினேன். என்ஜினை அணைத்ததும் பாட்டில்களும் அடங்கிவிட்டன. மழைச் சத்தம் மட்டும்தான்.

சீட்டுக்குப் பின்னால் ஒரு டின் ஆயில் இருந்தது. என் கைக்காசில் வாங்கி வைத்தது, இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்தே வாங்கினேன். ஆனால் ஊற்ற வேண்டுமென்றால் மூடியைத் திறக்க வேண்டும். மூடியைத் திறந்தால் சீல் அறுந்துவிடும். சீல் அறுந்தால் நான் திருடன். அறுக்காமல் ஓட்டினால் என்ஜின் போகும், அப்போதும் நான் திருடன்தான்.

சாலையோர டீக்கடைக்காரர் கூப்பிட்டார். போய் நின்று ஒரு டீ குடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னாய்யா இது, கூத்தா கீது! கம்பியப் பிச்சுப் போட்டுட்டு ஊத்திக்கினு போவியா...”

“போவலாம். அப்பால அவருக்கு யார் சொல்றது? நீ வந்து சொல்றியா?”

“எனக்குக் கடை கீதுப்பா,” என்று அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை.

புதுச்சேரிப் பக்கம் போன பஸ்ஸை நிறுத்தி, நெல்லித்தோப்புக்குப் போகிற ஒருவரைப் பிடித்து, முசே வீட்டுக்குச் சேதி அனுப்பினேன். ‘லாரி தவளக்குப்பத்தில் நிற்கிறது. நேரில் வந்தால்தான் நகரும்.’ அவ்வளவுதான். பிறகு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியெல்லாம் தண்ணீர். வெளியே ஆட்கள் குடையோடு போகிறார்கள், வருகிறார்கள். எல்லாருக்கும் போய்ச்சேர ஒரு வீடு இருக்கிறது. எனக்காக வருத்தப்பட ஊரில் ஒரு ஆளைத் தேடினேன். கோவிந்தன் முகம் மட்டும்தான் வந்தது. அவரோ இப்போது எந்த லாரியிலோ.

சும்மா இருக்க முடியாமல் அந்த வைப்பரையாவது பார்ப்போம் என்று மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பானெட்டைத் தூக்கினேன்.

காற்று வரும் குழாயில்

அந்தக் காலத்து வண்டிகளில் வைப்பருக்குக் கரண்ட் கிடையாது. என்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பில்தான் அது ஆடும். வேக்கம் என்போம். பெட்ரோல் பம்ப்போடு ஒட்டியே, அந்த இழுப்புக்குத் துணை செய்ய இன்னொரு சின்னப் பம்ப் இருக்கும். அதற்குள்ளே துணியும் ரப்பரும் சேர்ந்த ஒரு வட்டத் தகடு, டயாபிரம். அதன் ஒரு பக்கம் என்ஜினின் வயிறு, ஆயில் தெறிக்கும் இடம். மறுபக்கத்திலிருந்து ஒரு குழாய் என்ஜின் மூச்சு இழுக்கும் மேனிபோல்டுக்குப் போகும். அந்தக் குழாயில் காற்றைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

குழாயில் எங்காவது ஓட்டை விழுந்து வைப்பர் படுத்துவிட்டதோ என்றுதான் அதைப் பிடுங்கினேன். உள்ளங்கையில் கறுப்பாக ஒழுகியது.

முதலில் புரியவில்லை. மோந்து பார்த்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். என்ஜின் ஆயில்.

‘அடப் பாவி!’ என்று கத்திவிட்டேன். உள்ளே டயாபிரம் கிழிந்துவிட்டது, அன்றைக்கு இன்னும் அகலமாகவே பிளந்திருக்க வேண்டும். கிழிசல் வழியாக என்ஜின் தன் வயிற்று ஆயிலைத் தானே உறிஞ்சி, பெட்ரோலோடு சேர்த்து எரித்துக்கொண்டிருக்கிறது. மணலில் எப்படிச் சொட்டும்? ரிங்கில் எப்படித் தெரியும்? வைப்பர் முனகியது, வண்டி ஆட்டம் போட்டது, உஸ்ஸென்றது, ஒரு பிளக் மட்டும் எண்ணெயானது, எல்லாம் அந்த ஒரே கிழிசல். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதுதான் இழுப்பு அதிகம், அப்போதுதான் பின்னால் குபுகுபுவென்று நீலப்புகை போயிருக்கும். பஸ்காரன் மூக்கைப் பொத்தியது பாட்டிலுக்கு இல்லை. அந்தப் புகையைப் பார்த்துச் சொல்ல இருந்த ஒரே ஆளான கோவிந்தனைத்தான் முதல் வேலையாக அனுப்பியாயிற்று.

சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். டீக்கடைக்கு ஓடினேன்.

“கண்டுபிடிச்சிட்டேன்! ஆயில் எங்க போவுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்!”

“அப்படியா, நல்லதாப் போச்சு. இன்னொரு டீ போடட்டா?”

வேண்டாம் என்று திரும்பி வந்தேன். உலகத்திலேயே பெரிய சேதி என் கையில் இருந்தது, கேட்க நாதியில்லை. அன்றைக்கு அழுதேன். சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. குழாயைத் துடைக்காமல் இருந்தபடியே மாட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

“ஆங்கோர்!”

மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸிலிருந்து இறங்கினார் முசே. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் குறடு வைத்த பை. ‘என்ன ஆச்சு’ என்று கேட்கவில்லை. நேராக என்ஜினுக்குப் போனார். மூன்று சீலையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஈரச் சாலையில் சாக்குக்கூட இல்லாமல் படுத்து அடிச்சீலையும் பார்த்தார்.

“மூணும் சரியா இருக்கு,” என்றார், ஏமாந்தவர் மாதிரி.

“இப்ப இதைக் கழட்டுங்க. நீங்களே கழட்டுங்க.”

குழாயைக் கழற்றினார். அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் கறுப்பாக வழிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விளக்கினேன். பட்டாளத்தில் வண்டிகளோடு பழகியவர், பாதியிலேயே புரிந்துவிட்டது. பையிலிருந்து குறடை எடுத்துத் தான் வைத்த சீலைத் தானே வெட்டினார். என் டின்னைத் திறந்து ஆயிலை ஊற்றினார். குழாயை மாட்டிவிட்டு, மழையில் லாரிக்குப் பின்னால் போய் நின்றார்.

ஸ்டார்ட் செய்து, அழுத்தி, காலை எடுத்தேன்.

பின்னாலிருந்து இருமல் கேட்டது. அப்புறம் ஒரு குரல்: “ஆங்கோர்!” மறுபடியும் என்று அர்த்தம்.

அழுத்தினேன், எடுத்தேன்.

“ஆங்கோர்!”

டீக்கடையிலிருந்து எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். நீலப்புகைக்கு நடுவில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் இருமிக்கொண்டே கத்துகிறார். பிறகு குழாயைப் பிடுங்கி, மேனிபோல்டு பக்கத்து வாய்க்கு டீக்கடை விறகில் ஒரு முளை சீவி, சைக்கிள் டியூப் சுற்றி அடைத்தேன். வண்டி ஆட்டத்தை நிறுத்தியது. உஸ்ஸும் நின்றது. கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு காலை எடுத்தால் பின்னால் புகை இல்லை.

“ஆங்கோர்” வரவில்லை. அவரே வந்தார். முகமெல்லாம் கரி.

“சீலை அறுத்து ஊத்தியிருக்கலாமே?”

“ஊத்தியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

யோசித்துவிட்டுச் சொன்னார். “மாட்டேன்.”

பொய் சொல்லாத மனுஷன். அது எனக்குப் பிடித்திருந்தது. ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாயை அடைத்துவிட்டதால் வைப்பர் சுத்தமாகக் கிடையாது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார், கடலூர் வரைக்கும். பெரியவனைப் பற்றி, சின்னவனைப் பற்றி, மனைவிக்கு இவர் வைக்கும் மீன் குழம்பு எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பற்றி எல்லாம் பேசினார். நானும் என் மனைவியைப் பற்றி முதல் தடவையாக ஒருவரிடம் பேசினேன்.

ஆணியில் தொங்கிய சாவி

மெட்ராஸ் புதுப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து டயாபிரம் வாங்கி வந்து மாட்டினோம். முசே ஒவ்வொரு லாரிக்காரர் வீட்டுக்கும் போனார், சொன்னது போலவே. ‘ஏழுமலை யோக்கியன், நான்தான் மடையன்’ என்று சொல்லிவிட்டு வந்தார். கோவிந்தனைத் தேடிப்போய்க் கூப்பிட்டார். கோவிந்தன் ஒரு டீசல் லாரியில் ஏறி, நல்ல சம்பளத்தில் இருந்தார். “போவட்டும் உடுங்க முசே,” என்று சிரித்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

ஷெட்டில் ஒரு ஆணி அடித்தார் முசே. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“சாவி இனிமே இங்கதான் தொங்கும். நீயா வந்து எடு, நீயா வந்து மாட்டு. என்னைக் கூப்பிட வேண்டாம். சீலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அவர் எனக்குச் செய்த பெரிய மரியாதை அது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு வாரம்தான். விடியற்காலையில் போவேன், ஆணியிலிருந்து சாவியை எடுப்பேன், பானெட்டைத் திறந்து நானே ஆயிலைப் பார்ப்பேன், மூடுவேன். ஷெட்டுக்கு எதிரே முசே வீட்டு மாடி ஜன்னல் சாத்தியிருக்கும். சாயங்காலம் சாவியை மாட்டிவிட்டு நடப்பேன். விளக்கு எரியும், ஆள் வரமாட்டார். எதற்கு வர வேண்டும்? எல்லாம் சரியாக இருக்கிறது. கடலூர் பாட்டில் கிடங்குக் காவல்காரரிடம் ‘வரேங்க’ என்று சொல்வதைத் தவிர, சில நாள் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே வீடு திரும்பிப் படுத்திருக்கிறேன். திருடனாக இருந்தபோது எனக்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி பேச்சுத்துணை இருந்தது. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் சாவியை ஆணியில் மாட்டினேன். மாட்டிய கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முற்றத்துக்கு வந்து குரல் கொடுத்தேன்.

“முசே!”

ஜன்னல் உடனே திறந்தது. கீழே வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, கையில் டார்ச்.

“என்ன?”

“ஆயில் கொஞ்சம் கொறைஞ்சாப்போல இருக்குங்க. நீங்க ஒரு தடவை பாத்துட்டா நல்லது.”

ஷெட்டுக்குள் வந்தார். கம்பியை உருவினார். துணியில் துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார், டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஆயில் சரியாக மேல்கோட்டில் நின்றது, நூல் அளவுகூட இறங்கவில்லை. நூல் அளவுக்குச் சண்டை போடுகிற மனுஷன் அவர்.

வெகுநேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கம்பியை நிதானமாகத் துடைத்து உள்ளே செருகினார்.

“ஆமா,” என்றார். “கொறைஞ்சுதான் இருக்கு. காலையிலயும் பாக்கணும். வந்ததும் என்னைக் கூப்பிடு.”